நாற்பத்து மூன்று நாள் லீவு

நவம்பர் 3, திங்கள்

காலையில் ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு வக்கீலும் ஒரு தண்ணீர் கேனும். வெளியே எடுக்க இருபது நிமிஷம். வக்கீல் நன்றி சொல்வார் என்று துணியில் கை துடைத்துக்கொண்டு நின்றேன். கேஸ் போடுவேன் என்றார். தண்ணீர் கேன் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் கால் வைக்க இடமில்லை. மகள் கூடம் முழுக்கச் சான்றிதழ்களைப் பரப்பி வைத்திருக்கிறாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம், மேற்படிப்புக்கு. உலோகம் ஏன் களைத்துப்போய் உடைகிறது என்று படிக்கப்போகிறாளாம். ஒரே பாரத்தைத் திரும்பத் திரும்பத் தூக்கினால் இரும்புகூட ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடுமாம். அதுக்கு அவ்வளவு தூரம் எதுக்கு, உங்கப்பன் இடுப்பை வச்சு ஆராய்ச்சி பண்ணேன் என்றேன்.

"உன் இடுப்புக்கெல்லாம் சீட்டு தர மாட்டாங்கப்பா" என்றாள், தலை நிமிராமல்.

கடைசித் தேதி டிசம்பர் ஒன்று.

நவம்பர் 6, வியாழன்

என் பங்கு ஜெராக்ஸ் எடுப்பது. பத்தாம் வகுப்பும் தொழிற்பள்ளியும் படித்தவனுக்கு இதைவிடப் பெரிய பொறுப்பு யார் தருவார்கள்? அதிலும் இரண்டு தாளைத் தலைகீழாக எடுத்து வந்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்று ஆசிரியர்கள் இவளைப் பற்றிக் கடிதம் எழுத வேண்டுமாம். இரண்டு பேர் கம்ப்யூட்டரிலேயே அனுப்பிவிட்டார்கள். உதவித்தொகைக்கான மூன்றாவது கடிதம் மட்டும் தாளில் போகவேண்டும். எழுதுவது துறைத்தலைவர் மேடம். உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டின இடத்தின் மேலேயே அவர் கையெழுத்துப் போடுவார். இவள் பார்க்கக் கூடாது, வீட்டாரும் பார்க்கக் கூடாது. பிரித்த தடயம் இருந்தால் அங்கே குப்பைத்தொட்டிதான். உதவித்தொகை இல்லையென்றால் அந்தப் படிப்பை நாங்கள் படத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நவம்பர் 11, செவ்வாய்

கூட வேலை செய்கிற குண்டூசி (ஆள் அவ்வளவு ஒல்லி, பெயர் வைத்தது நான்) கேட்டான், பொண்ணு பறந்துட்டா என்னண்ணே பண்ணுவீங்க என்று. கிரீஸ் டப்பாவை எடுத்துத் தரச் சொன்னேன்.

நவம்பர் 14, வெள்ளி

ஒரு காரியம் செய்துவிட்டேன். எழுதவே கை வரவில்லை.

மகளுக்கு இன்று செய்முறைத் தேர்வு. மேடத்திடம் கடிதம் வாங்கி வர நான் போனேன். உறையைக் கையில் கொடுத்து, பத்திரம் என்றார். அங்கிருந்து நேரே வேலைக்கு. மொட்டைமாடி மோட்டார் அறையில் மதியம் தனியாக உட்கார்ந்திருந்தேன், உறை பக்கத்தில். அப்போதுதான் அந்தச் சந்தேகம். மேலே கையெழுத்து இருக்கிறது, சரி. உள்ளே கடிதத்தில் போட மறந்திருந்தால்?

எனக்கு இது வியாதி. ஒன்றே முக்கால் வருஷத்துக்கு முன்னால் கூட வேலை செய்த ஒருத்தன் "லிஃப்ட் பெட்டி இந்த மாடியிலதான் நிக்குது, பாத்தாச்சு" என்றான். நம்பி, கதவைத் திறந்து காலை வைத்தேன். பெட்டி இல்லை. ஒரு மாடி ஆழம், இடுப்பும் தொடையும் போயிற்று. லிஃப்ட் மெக்கானிக் லிஃப்ட் இல்லாமலே இறங்கினான் என்று நானே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அதிலிருந்து "பாத்தாச்சு" என்று யார் சொன்னாலும் எனக்குப் போதாது. மூடியிருப்பதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

ஃபீலர் கேஜ் இருந்தது. பிரேக் இடைவெளி அளக்கிற சாமான், தாளைவிட மெல்லிய தகடுகள். மெல்லிசிலும் மெல்லிசாக ஒன்றை உறை மடிப்புக்குள் விட்டு நகர்த்தினேன். கிழியாமல் வந்துவிட்டது. அந்த நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கங்கெட்ட பயல்.

கையெழுத்து இருந்தது. அதோடு மூடியிருக்கலாம். மூடவில்லை. என் ஆங்கிலம் "அபாயம்", "தொடாதே" அளவுக்குத்தான். போனில் படம் பிடித்தால் தமிழில் சொல்லும். பிடித்தேன். புகழ்ந்து மூன்று பத்தி. நாலாவது பத்தி—

நாளை எழுதுகிறேன்.

நவம்பர் 15, சனி

போன் சொன்ன தமிழ் மொண்டித் தமிழ். ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. மேடம் எழுதியிருந்தது இது: அதுவரை வகுப்பில் முதலிடம். நாலாவது செமஸ்டரில் மட்டும் அடிமட்டம். காரணம், நாற்பத்து மூன்று நாள் இவள் கல்லூரிக்கே வரவில்லை. வேலையில் விழுந்த தகப்பனைப் பார்த்துக்கொண்டாள். கல்லூரி லீவு என்று வீட்டில் சொல்லியிருந்தாள். இதை எழுத வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள், மதிப்பெண் சரிந்ததற்கு வேறு விளக்கம் இல்லாததால் எழுதுகிறேன். கடைசியில் ஒரு வரி: இந்த மாணவியிடம் எனக்குள்ள ஒரே கவலை, கஷ்டத்தை யாரிடமும் சொல்ல மாட்டாள்.

லீவுன்னு சொன்னா. நானும் நம்பிட்டேன். எல்லாத்தையும் திறந்து பாக்குறவன், பக்கத்துல உக்காந்திருந்தவ மூஞ்சியப் பாக்கல.

பாக்க வந்தவங்க எல்லார்கிட்டயும் என்ன சொன்னேன்? "நல்ல நேரம் பாருங்க, புள்ளைக்கு லீவு விட்டிருக்கப்ப கால் உடைஞ்சுது." அவளை வச்சுக்கிட்டே சொன்னேன். "உங்க காலேஜ்ல வாத்தியாருங்க எல்லாரும் ஒரேயடியா ஓடிட்டாங்களா" என்றுகூடக் கேட்டேன். அவள் சிரித்தாள். கையில் என் மூத்திரச் சட்டி.

உறையைத் திரும்ப ஒட்டினேன். கையெழுத்துக் கோடு மேலும் கீழும் சேரவில்லை, ஒரு நூல் விலகி நிற்கிறது. யார் பார்த்தாலும் தெரியும். மகள் கேட்டதற்கு, மேடம் இன்னும் தரவில்லை என்றேன். பொய்க்கு மேல் பொய், மாடி கட்டுகிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மகள் மாடியில் துணி காயப்போடும்போது மனைவியிடம் கேட்டேன், நான் படுத்திருந்தப்ப காலேஜ் இருந்துச்சா என்று. மனைவி அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"உனக்குத் தெரியும்."

"தெரியும். மூணு நாள் சேர்ந்தாப்புல லீவு போட்டா பிஸ்கட் கம்பெனியில என் பேரை அடிச்சிருவான். வேற யார் இருந்தா? சொல்லக் கூடாதுன்னு அவதான் சத்தியம் வாங்கினா. சொல்லியிருந்தா நீங்க தவழ்ந்தாவது எந்திரிச்சிருப்பீங்க."

எழுந்திருப்பேன்தான். எழுந்திருந்தால் இன்று நடக்கமாட்டேன். அதுவும் தெரியும்.

அப்புறம் உறையைக் காட்டினேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க, உங்களுக்கு மூளை இடுப்புலயா இருந்துச்சு, விழுந்தப்ப அதுவும் உடைஞ்சு போச்சா?"

நியாயமான கேள்வி.

நவம்பர் 17, திங்கள்

மேடம் புதன்கிழமை வெளியூர் போகிறார், திரும்ப ஒரு மாதம் ஆகும் என்று கல்லூரி அலுவலகத்தில் சொன்னார்கள். அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். அறைக்குள் போய் உறையை மேசையில் வைத்து, நான்தான் பிரித்தேன் மேடம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டு மடிப்பைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"எதால பிரிச்சீங்க?"

சட்டைப்பையிலிருந்து ஃபீலர் கேஜை எடுத்துக் காட்டினேன். வாங்கித் தகடுகளை விரித்துப் பார்த்துவிட்டு, எந்தத் தகடு என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார். உலோகம் சொல்லிக்கொடுக்கிறவர், தப்பு நடந்த விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டுமாக்கும். பிறகு சாமானையும் உறையையும் என் கையில் கொடுத்துவிட்டு, முகம் மாறிச் சொன்னார்:

"நீங்க செஞ்சது பெரிய தப்பு. நான் செஞ்சதும் சரின்னு சொல்ல மாட்டேன், எழுதாதீங்கன்னு அவ கேட்டும் எழுதினேன். வேற கடிதம் தர்றேன். ஆனா உங்க கையில தர மாட்டேன். அவளே நாளைக்கு வரட்டும். அந்தப் பத்தி இருக்கணுமா வேண்டாமான்னு அவ சொல்லட்டும்."

அது இல்லேன்னா சீட்டு கிடைக்குமா மேடம் என்று கேட்டேன். கஷ்டம்தான் என்றார்.

அவளிடம் யார் சொல்வது என்று நான் கேட்கவில்லை. அந்த அளவுக்கு மூளை மிச்சம் இருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது எப்படி ஆரம்பிப்பது என்று நாலு விதமாக யோசித்தேன். நாலும் ஜோக்கில் ஆரம்பித்தது. என்ன ஜென்மம்டா நீ.

நவம்பர் 17, மாலை

சொல்லிவிட்டேன். ஜோக் இல்லாமல்.

உறையைப் பிரித்ததற்குத் திட்டுவாள் என்று நினைத்தேன். அதை அவள் காதிலேயே வாங்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. முகம் வெளுத்து, நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"அதை எழுத வேண்டாம்னுதான்பா சொன்னேன். நீ படுத்துக் கிடந்தத வச்சு நான் சீட்டு வாங்கணுமா? பாவம்னு குடுக்குற சீட்டு எனக்கு வேண்டாம்."

"பாவம்னு யாரு சொன்னா. நடந்தது நடந்ததுதானே."

"உனக்குத் தெரியாமலே போயிருக்கணும்."

அந்த வார்த்தைதான் தாங்கல. என்ன சொன்னேன்னு அப்படியே எழுதி வைக்கிறேன், பிற்பாடு மாத்திச் சொல்லிரக் கூடாது. "விழுந்தது நான். அதை நான்தானே தாங்கணும். எனக்குத் தெரியாம நீ ஏன் தூக்கின? நாப்பத்தி மூணு நாள் என்னைப் பைத்தியக்காரன் மாதிரி சிரிக்க விட்டுட்டியேம்மா."

அவள் அழுது நான் கடைசியாகப் பார்த்தது எட்டாம் வகுப்பில், பல் பிடுங்கினபோது. இன்று அழுதாள். நீ சிரிச்சா வலி தெரியலன்னு நெனச்சேன்பா என்றாள். மனைவி வந்து இரண்டு பேருக்கும் நடுவில் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாளை மேடத்தைப் பார்ப்பாளா என்று கேட்கவில்லை. பழைய உறையைக் கிழித்துப் போட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

காலையில் சொல்லாமல் கிளம்பிப் போனாள். மதியம் புது உறையோடு வந்தாள். அந்தப் பத்தி இருக்கிறதா இல்லையா— சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உறையை என்னிடமே கொடுத்தாள். "நீயே கூரியர்ல போட்டுடுப்பா."

என்னிடமே.

நவம்பர் 19, புதன்

கூரியர்க்காரர் உள்ளே என்ன என்று கேட்டார். கடிதம் என்றேன். என்ன கடிதம் என்றார். தெரியாது என்றேன். சந்தேகமாக ஏற இறங்கப் பார்த்தார். நிஜமாகவே தெரியாது ஐயா, அதுதான் இந்த வாரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம்.

டிசம்பர் 9, செவ்வாய்

கம்ப்யூட்டரில் நேர்காணல். மனைவி வேலைக்குப் போய்விட்டதால் வீட்டின் அமைதிக்கு நான் பொறுப்பு. கீழ்வீட்டில் மிக்ஸி ஓடாமல் பார்த்துக்கொள்ள அந்த அம்மாவிடம் கெஞ்சிவிட்டு, அறை வாசலில் காவலுக்கு நின்றேன். ஆங்கிலம் வேகமாகப் போனது, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நடுவில் ஒரு பெண்மணி ஏதோ கேட்டார். மகள் பேச ஆரம்பித்தாள், நிதானமாக. அதில் "ஃபாதர்" என்று வந்தது. "லிஃப்ட்" என்று வந்தது. குரல் இறங்கவே இல்லை.

வெளியே வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, "நாலாவது செமஸ்டர் பத்திக் கேட்டாங்க. சொல்லிட்டேன்பா" என்றாள்.

டீ போடட்டுமா என்றேன்.

ஜனவரி 22, வியாழன்

பதில் இல்லை. ஒரு நாளைக்கு இருபது தடவை போனைப் பார்க்கிறாள். நான் இருபத்தைந்து தடவை அவளைப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

கிடைத்துவிட்டது. உதவித்தொகையோடு.

மனைவிதான் முதலில் கேட்டாள், குளிர் தாங்குற சட்டை எங்க கிடைக்கும் என்று.

குண்டூசியிடம் சொன்னேன். பார்ட்டி எப்பண்ணே என்றான். அவன் உடம்புக்கு என்ன பார்ட்டி, அரை பிஸ்கட்டும் ஒரு வாய் டீயும் வாங்கிக்கொடுத்தால் தீர்ந்தது.

செப்டம்பர் 6, ஞாயிறு

மகளை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிகிறவரை கையை ஆட்டினேன். கடைசியில் நான் ஆட்டினது வேறு யாரோ பெண்ணுக்கு, மனைவி சொல்லித்தான் தெரிந்தது.

கூடம் காலியாக இருக்கிறது. கால் வைக்க ஏகப்பட்ட இடம்.

செப்டம்பர் 20, ஞாயிறு

தினமும் பேசுகிறாள். எல்லாம் நல்லா இருக்குப்பா, சாப்பிட்டேன்ப்பா, தூங்கினேன்ப்பா. எல்லாமே நல்லா இருக்காம். எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 17, சனி

வழக்கமாகக் கூப்பிடுகிற நேரமில்லை. கூப்பிட்டாள். ஒரு தேர்வில் ஃபெயிலாகிவிட்டாளாம். வகுப்பில் பேசுவதில் பாதி புரியவே இல்லையாம், ஐந்து வாரமாகப் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருக்கிறாளாம். அறையில் கூட இருக்கிறவள் இவளோடு பேசுவதில்லையாம். வந்திருக்கக் கூடாதோன்னு தோணுதுப்பா என்று சொல்லி அழுதாள்.

வாய் வரைக்கும் ஒரு ஜோக் வந்தது. முழுங்கினேன். ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் பேசியிருப்பாள். யார் கிட்டயாவது கேட்கலாமே என்றேன் கடைசியில். கேட்கிறேன் என்றாள். மூக்கைச் சிந்திவிட்டு, நாளைக்கும் கூப்பிடவா என்று கேட்டாள்.

மனைவி குளித்துவிட்டு வந்தாள். யாரு, என்ன சொன்னா என்றாள். ஃபெயிலாம் என்றேன்.

"அதுக்கு ஏங்க உங்க மூஞ்சி இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

"சிரிச்ச மாதிரி இருக்கு."

"நம்மகிட்ட சொல்லிட்டாம்மா" என்றேன்.

அவள் ஈரத் தலையோடு அப்படியே பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த பரீட்சை எப்பவாம் என்று கேட்டாள்.