நாளையிலிருந்து நின்னுக்கட்டும்

பாலக்கரை, திருச்சி
9 ஜூலை 2025

ஜாஹ்னவிக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். அதனால்தான் கடிதம். எங்கள் ரிசப்ஷன் மஜீதா தோள் வலிக்கு உன் தில்லை நகர் பிசியோதெரபி கிளினிக்குக்கு வருகிறாளே, அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். போன வாரம் நீ புளியோதரை கொண்டுவந்த டிபன் பாக்ஸும் கூடவே வருகிறது. கழுவிவிட்டேன். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று எனக்கும் தெரியும். தெரிந்தேதான் வெறுமனே அனுப்புகிறேன்.

இன்று காலை நான் ஷட்டரைத் திறப்பதற்கு முன்பே வாசலில் ஒரு பெரியவர். பானுப்ரியாவின் அப்பா ராசப்பன். வையம்பட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். துண்டில் முடிந்துவைத்திருந்த ஆபீஸ் சாவியை எடுத்து நீட்டினார்.

"நேத்து டாக்டரம்மா போன் பண்ணாங்க. நாளைலேர்ந்து பானுப்ரியா நின்னுக்கட்டும், ஓனர்கிட்ட நான் பேசிட்டேன்னாங்க. சரிங்க, நின்னுட்டா. எங்க புள்ள என்ன தப்பு செஞ்சுச்சுன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா தேவலைங்க."

நின்றுகொண்டு வேலை பார்க்கட்டும் என்று நீ சொன்னதை, வேலையை விட்டு நின்றுவிடச் சொன்னதாக அந்த மனுஷன் எடுத்துக்கொண்டிருக்கிறார். எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்? 'நின்னுக்கோ' என்று ஒரு முதலாளி சொன்னால் இந்த ஊரில் அதற்கு வேறு அர்த்தம் உண்டா? நீ எந்த ஊரில் பிறந்தாய்?

தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பானுவுக்குப் போன் செய்தேன். "பரவால்லக்கா, விடுங்கக்கா" என்கிறாள். வர மாட்டேன் என்று அர்த்தம். இருபதாம் தேதிக்குள் அத்தனை கடைக்காரர்களுக்கும் ஜி.எஸ்.டி. கணக்கு போட்டாக வேண்டும். அதில் பாதி அவள் கையில்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு வயிறு எரிவது கணக்குக்காக இல்லை. படித்து முடித்ததிலிருந்து என்னிடமே வேலை பார்த்த பெண்ணடி அவள்.

உடம்பை அசைக்கச் சொல்லித் தருகிறேன் என்று வந்தாய். ஆளையே அசைத்துவிட்டாய். இனி இந்தப் பக்கம் வராதே.

இளவேனில்


ஸ்ரீரங்கம்
11 ஜூலை 2025

இளா,

நீ 'அன்புள்ள' போடாவிட்டால் எனக்கும் அது தேவையில்லை.

பானுவுக்கு இடுப்பு விட்டுப் போகிறது. நெஞ்சு உயர பீரோ மேல் கம்ப்யூட்டரை வைத்து, கொஞ்ச நேரம் நின்றுகொண்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்று உன்னிடம் சொன்னேன். நீயும் "உம்" என்றாய். அதைச் சொல்லத்தான் போன் செய்தேன். அவள் குளித்துக்கொண்டிருக்கிறாள் என்று அப்பா எடுத்தார். அவரிடம் சொன்னேன். வார்த்தையைப் பார்த்துப் போட்டிருக்க வேண்டும். தப்பு என்னுடையது. உன் கடிதம் கிடைத்ததுமே அவரைக் கூப்பிட்டு மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

சரி, இப்போது நான் கேட்கிறேன். ஒரே ஒரு வார்த்தை. அதுவும் வெளியாள் ஒருத்தி போனில் சொன்னது. அதைக் கேட்டுவிட்டு ஒரு குடும்பமே என்னிடம் "ஏன்" என்றுகூடக் கேட்காமல் சாவியைத் துண்டில் முடிந்துகொண்டு வருகிறதென்றால், அந்த ஆபீஸில் எப்போது வேண்டுமானாலும் அப்படி நடக்கும் என்று அவர்களுக்கு முன்பே தோன்றியிருக்கிறது. திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் நீ என்ன கத்தினாய்? "நடக்கணும்னா வேலைய விட்டுட்டு உங்க ஊர்ல போய் நடங்க!" பானு அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். மறுநாள் நான் 'நின்னுக்கட்டும்' என்றபோது அவர்கள் காதில் விழுந்தது என் குரல் இல்லை, உன் குரல்.

மே மாதம் என்னைக் கூப்பிட்டது யார்? "எல்லாரும் இடுப்பப் பிடிச்சுக்கிட்டே எந்திரிக்கிறாங்கடி, ஏதாவது பண்ணு" என்றாய். வந்தேன். ஒரு வாரம் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யார் எப்படி உட்காருகிறார்கள், யார் எங்கே பஸ் ஏறுகிறார்கள் என்று பார்த்தேன். சின்ன ஆபீஸ். ஜிம்மா வைக்க முடியும்? இருப்பது படியும் மொட்டை மாடியும்தான். மணிக்கு ஒருமுறை எழுந்திருப்பது, ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடப்பது, நாலு மணிக்குச் சேர்ந்து மாடிக்குப் போவது. ஒவ்வொருவரையும் கேட்டு அவரவருக்கு ஏற்ற மாதிரித்தான் போட்டேன்.

அத்தனை பேரும் எழுந்தார்கள். நீ ஒருநாளாவது எழுந்தாயா? முதலாளி நாற்காலியை விட்டு அசையாத இடத்தில், எழுந்திருக்கிறவர்கள் திருட்டுத்தனமாகத்தான் எழுந்திருப்பார்கள். திட்டம் கெட்டதற்குக் காரணம் அதுதான்.

டப்பாவை வெறுமனே அனுப்பினாய் அல்லவா? எங்கள் அகத்தில் அதைப் பார்த்துவிட்டு "சண்டையா?" என்றே கேட்டுவிட்டார்கள். உனக்குச் சந்தோஷம்தானே?

ஜாஹ்னவி


பாலக்கரை
14 ஜூலை 2025

ஜாஹ்னவிக்கு,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ வாய் தவறியதற்கு என் ஆபீஸ் கோணலா?

திருச்சியில் நாலு மணி வெயிலில் மொட்டை மாடியில் நடக்கச் சொல்கிறவளுக்கு டாக்டர் என்று பெயர். வடகம் காயவைக்கத்தான் அந்த நேரத்தில் யாராவது மாடிக்குப் போவார்கள். உனக்கென்ன, காலையில் எழுந்தால் உத்திர வீதி. அகலமான தெரு, வாசலுக்கு வாசல் கோலம். நடப்பதற்கென்றே போட்ட ஊர் உன்னுடையது. இங்கே வந்து பார். காலை வைத்தால் பைக் டயர், எடுத்தால் சாக்கடை மூடி. ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு பாலக்கரைக்குத் திட்டம் போட்டாய்.

டைல்ஸ் கடை அற்புதசாமி பில் கட்டோடு வந்தார். வந்தவர் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஆபீஸ்ல பி.டி. பீரியடா?" என்று சிரித்தார். அவர் ஒருவர் போய்விட்டால் இரண்டு பேருக்கு என்னால் வேலை கொடுக்க முடியாது. உன் கிளினிக்கில் நீதான் முதலாளி, நீதான் தொழிலாளி. உனக்கு இது புரியாது.

நீ ஒருநாளாவது எழுந்தாயா என்று கேட்டிருக்கிறாய். எத்தனை தைரியம் உனக்கு!

எழுந்திருக்க முடியவில்லையடி எனக்கு. பொங்கலிலிருந்து வலது முட்டி மடங்க மாட்டேன் என்கிறது. வீட்டில் கீழ் அறைக்குப் படுக்கையை மாற்றிவிட்டேன். ஆபீஸில் யாருக்கும் தெரியக்கூடாது என்று எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோரும் போன பிறகு கிளம்புகிறேன். பதினொரு பேரையும் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தாயே, பன்னிரண்டாவதாக ஒருத்தி நடுவில் உட்கார்ந்திருந்தாளே, அவளைப் பார்த்தாயா? மூட்டு வலியைப் பார்த்துப் பிழைக்கிறவள் நீ. பெஞ்ச் தோழி வேறு. ஒருதடவை, 'உனக்கு எப்படி இருக்கு இளா' என்று கேட்டாயா?

நாலு மணியானால் எல்லோரும் மாடிக்குப் போய்விடுவார்கள். மேலே அவர்கள் சிரிக்கிற சத்தம் கீழே கேட்கும். நான் தனியாக உட்கார்ந்திருப்பேன். திங்கட்கிழமை அந்தச் சத்தம் தாங்கவில்லை. கத்தினேன். முதலில் கீழே இறங்கி வந்தவள் பானு. அதனால் அவள் வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

போதுமா?

இளவேனில்


ஸ்ரீரங்கம்
18 ஜூலை 2025

அடியே இளா,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதலில் என் மேல் கோபம் வந்தது. நீ வாசல் வரை வந்து என்னை வழியனுப்பவில்லை என்று ஒருநாள் மனதுக்குள் குறைபட்டுக்கொண்டேன். முதலாளி ஆகிவிட்டாள், கர்வம் என்று நினைத்தேன். முட்டி என்று தோன்றவே இல்லை. நோயாளியாக வருகிறவர்களின் நடையை மட்டும்தான் பார்ப்பேன் போலிருக்கிறது.

அப்புறம் உன் மேல் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை. ஏன் சொல்லவில்லை? மஜீதா தோள் வலிக்கு என்னிடம் வரலாம், நீ முட்டி வலிக்கு வரக்கூடாதா? என்னிடம் என்னடி உனக்கு கௌரவம்?

நேற்று வையம்பட்டிக்குப் போனேன். ராசப்பன் கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தார், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. பானுதான் பிடி கொடுக்கவில்லை. "உங்க மேல ஒண்ணும் கோவமில்ல டாக்டர். நீங்க சொன்னா நான் எப்படி வர்றது? அக்கா கூப்பிடணும்" என்றாள். கிளம்பி வந்துவிட்டேன். இனி உன் பாடு.

மாடித் திட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். வெயிலைப் பற்றி நீ சொன்னதும் சரி. மஜீதாவைக் கேட்டேன். ஐந்தரைக்கு மேல் உங்கள் தெருவில் பள்ளிவாசல் பக்கம் வண்டி குறைகிறது, நிழலும் விழுகிறது என்றாள். புதுசாகப் போடுவதானால், பன்னிரண்டாவது ஆளிடமிருந்துதான் ஆரம்பிப்பேன்.

டிபன் பாக்ஸ் அனுப்புகிறேன். தின்ன ஒன்றும் வைக்கவில்லை, அந்த அளவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. உள்ளே முட்டிப் பட்டி இருக்கிறது. காலையில் போட்டுக்கொள், படுக்கும்போது கழற்றிவிடு. எழுந்திருக்கும்போது நாற்காலிக் கையை அழுத்தி எழுந்திரு, மேஜையைப் பிடித்து இழுக்காதே. மீதியை நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும். வராதே என்று சொல்லியிருக்கிறாய். அதனால் வரவில்லை.

ஜானு


பாலக்கரை
23 ஜூலை 2025

ஜானு,

இருபதாம் தேதிக் கணக்கை ஒருவழியாக முடித்துவிட்டு, திங்கட்கிழமை கார் வைத்துக்கொண்டு வையம்பட்டிக்குப் போனேன்.

ராசப்பன் பாயை விரித்து, "உக்காருங்கம்மா" என்றார். என்னால் உட்கார முடியாதே. "இருக்கட்டுங்க, நிக்கிறேன்" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. எங்கள் வீட்டில் உட்காரக்கூட இந்த அம்மாவுக்கு மனசில்லை என்று நினைத்துவிட்டார். பட்ட காலிலேயே படும் என்பது இதுதான். நீ சொன்ன 'நில்' ஒரு பாடு, நான் நின்றது இன்னொரு பாடு. கடைசியில் புடவையைக் கொஞ்சம் தூக்கி உன் முட்டிப் பட்டியைக் காட்டினேன். "கீழ உக்காந்தா எந்திரிக்க முடியாதுங்க, அதான்." அந்த மனுஷன் பதறிப்போய் அடுத்த வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

பானு கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்பலேர்ந்துக்கா?" என்றாள். சொன்னேன். அன்றைக்கு ஆபீஸில் கத்தியது ஏன் என்றும் சொன்னேன். "உன்னை நின்னுக்கச் சொல்ல நான் யாரு? வான்னு கூப்பிட வந்திருக்கேன்" என்றேன். நேற்று வந்துவிட்டாள். பீரோ மேல்தான் கம்ப்யூட்டர். அற்புதசாமி பார்த்துவிட்டு, "என்னம்மா, பஸ் கண்டக்டர் மாதிரி நின்னுக்கிட்டே டிக்கெட் போடுற?" என்றார். சிரித்துக்கொண்டே பில்லைப் பிரித்தாள்.

நேற்று ஐந்தரைக்கு எல்லோரும் தெருவில் இறங்கினார்கள். நான் வாசல் படி வரை வந்தேன். மூன்று படிதான். இறங்கப் பயமாக இருந்தது, அவர்கள் முன்னால் விழுந்துவிடுவேனோ என்று. திரும்பி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

உன் மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பக்கத்திலேயே இருந்துவிட்டுப் பார்க்காமல் போனாய், அது ஆறக் கொஞ்ச நாளாகும். உன் நம்பர் பிளாக்கில்தான் இருக்கிறது. டப்பாவில் அதிரசம் வைத்திருக்கிறேன்.

நாளைலேர்ந்து ஐந்தரை மணிக்கு என் ஆபீஸ் வாசல் படியில் வந்து நின்னுக்கோ. தப்பாகப் புரிந்துகொள்ளாதே. நிற்கத்தான் சொல்கிறேன். இறங்கும்போது எனக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும்.

இளா