மாடித் தொட்டித் தண்ணீர்

காஞ்சிபுரம்,
8.5.1971

அம்மாவுக்கு வீராசாமியின் வணக்கம். கால் வீக்கம் வடிந்ததா? நான் சுகம், கவலைப்படாதே.

திங்கட்கிழமை ஒரு பட்டு வியாபாரி வீட்டு மாடித் தொட்டிக்குள் இறங்கிப் பாசி போகத் தேய்த்துக் கழுவினேன். தண்ணீர் நிரம்பியதும் குடிக்கக் குழாயைத் திறக்கப் போனேன்.

"கொழாய தொடாதப்பா. கைய ஏந்து, நான் ஊத்துறேன்" என்றாள் வீட்டுக்காரம்மா.

"காலையிலேர்ந்து அந்தத் தொட்டிக்குள்ளதாம்மா நின்னுக்கினு இருந்தேன்" என்றேன்.

கழுவும்போது ஒட்டாத தீட்டு, நான் வாய் திறந்ததும் ஒட்டிக்கொண்டது. அத்தனை தண்ணீரையும் திறந்துவிட்டார்கள். தொட்டியை மறுபடி கழுவ வேண்டுமாம். அதற்கும் எனக்கே சொல்லியனுப்பினார்கள். நான் போகவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பித்தளைச் சொம்பைக் கொடுத்தனுப்பு. இனி எவர் வீட்டிலும் கையேந்திக் குடிக்க மாட்டேன்.

தபால்காரர் நிற்கிறார்.

உன் மகன்,
வீராசாமி