உன்னைப் போல் நடிக்கச் சொன்னேன்

மார்ச் 4

அன்புள்ள வாண்டுக்கு,

நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? விடுதிக்குப் போன உன் மகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? போனில் பேசினால் நாம் இருவரும் கத்திக்கொள்கிறோம், முக்கியமான விஷயம் எல்லாம் இனிமேல் கடிதத்தில்தான் என்று நீ போட்ட சட்டத்தை மதித்து எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் நாய் பூனை டாக்டர், கிளினிக்கில் என் வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டரில் சாட்பாட் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். வாடிக்கையாளர்கள் அனுப்பும் செய்திகளுக்கு அது பதில் தயார் செய்யுமாம், நான் படித்துப் பார்த்து அனுப்ப வேண்டுமாம். "கோடை முடியறதுக்குள்ள பழகிடுங்க. இல்லேன்னா இந்த மேசை வேலைய வெளியில ஒரு கம்பெனிக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, கையிலிருந்த பூனையைப் பார்த்துச் சொன்னார். எந்த நாய் யாரைக் கடிக்கும் என்று அது வாசலில் நுழையும்போதே சொல்லிவிடும் என்னிடம் இந்தப் பேச்சு!

முதல் நாள் அதற்குக் கடிதமே எழுதிவிட்டேன். 'மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் நலமா' என்று தொடங்கி, மழை, என் முழங்கால் வலி, எதிர்க்கடையை மூடியது எல்லாம் சொல்லி, கடைசி வரியில்தான் நாய்க்குட்டியின் தடுப்பூசி பற்றிக் கேட்டேன். அது முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கும் முறையை ஒரு பக்கத்துக்கு எழுதித் தந்தது. ஒத்தடம் நன்றாகவே கேட்டது, அது வேறு கதை.

வேலையை விட்டுவிட்டு உன்னிடமே வந்துவிடச் சொல்கிறாய். முதலில் இதை ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

உன் அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தது என் தப்பு. சிரிப்பை அடக்க முடியாமல் மேனேஜரிடம் முறைப்பு வாங்கினேன்.

இங்கே நாங்களும் தினம் அதனோடுதான் மாரடிக்கிறோம், அதனால் சொல்கிறேன், கேள். அது ஐயாவும் இல்லை, அம்மாவும் இல்லை. வேலைக்குப் புதிதாக வந்தவளிடம் சொல்வதுபோல் சொல்: யாருக்கு எழுத வேண்டும், எதைப் பற்றி, எவ்வளவு நீளம். பிடிக்கவில்லையா, மாற்றி எழுதச் சொல். கோபித்துக்கொள்ளாது, உன் தங்கை மாதிரி இல்லை. வாடிக்கையாளர்களின் பெயர், போன் நம்பர் எதையும் அதில் போடாதே. முக்கியமாக, அது தெரியாததையும் தெரிந்த மாதிரி அடித்துவிடும். சரிபார்க்காமல் எதையும் அனுப்பாதே.

ஆனால் அக்கா, இந்த வயதில் உனக்கு ஏன் இந்தப் பாடு? தனியாக இருக்கிறாய். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்தால் யார் தூக்குவார்கள்? இங்கே மகளின் அறை சும்மாதான் கிடக்கிறது. திரைச்சீலைகூட மாற்றிவிட்டேன், உனக்குப் பிடித்த நீலம். அவரும் பாதி மாதம் வெளியூரில். வந்துவிடேன்.

வாண்டு


ஏப்ரல் 20

அன்புள்ள வாண்டுக்கு,

நீ சொன்ன எல்லாவற்றையும் கேட்டேன், சரிபார்க்காமல் அனுப்பாதே என்றதைத் தவிர. அதற்குத்தான் பட்டேன்.

கிளி வளர்க்கும் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று செய்தி அனுப்பியிருந்தார். 'தாராளமாக வாருங்கள், தங்களையும் தங்கள் செல்லப் பறவையையும் வரவேற்கக் காத்திருக்கிறோம்' என்று சாட்பாட் எழுதியது. அந்த மரியாதையைப் பார்த்துப் பூரித்துப்போய் அப்படியே அனுப்பிவிட்டேன். ஞாயிறு எங்களுக்கு விடுமுறை என்பது எனக்கே அப்போது உறைக்கவில்லை. மனிதர் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறார். திங்களன்று வந்து கத்தினார். கிளியும் சேர்ந்து கத்தியது. டாக்டரே அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போனார். டாக்டர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே அழுதேன். மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு போய், கிளினிக்கைப் பற்றி ஒரு பக்கம் தட்டி வைத்தேன். எந்த நாள் திறப்போம், பறவைகளை எப்போது பார்ப்போம், குதிரை மாடு பார்ப்பதில்லை, அவசரம் என்றால் போன் செய்யச் சொல்ல வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. கடைசியில், 'இதில் இல்லாததை நீயாகச் சொல்லாதே, என்னைக் கேள்' என்று போட்டேன். தினமும் காலையில் முதல் வேலையாக அதை அதற்குக் கொடுத்துவிடுகிறேன். அப்படியும் ஒவ்வொரு பதிலையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் அனுப்புகிறேன். இந்த மேசையை அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நீ கூப்பிட்டதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உன் அக்கா


மே 6

அக்கா,

நீ 'பிறகு' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? யாரோ ஒரு கிளிக்காரருக்காக நீ அங்கே தனியாக உட்கார்ந்து அழ வேண்டாம். அழுவதானால் என் வீட்டில் வந்து அழு.

ஜூன் கடைசிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், ஒருவழி. வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிடு. மறுபேச்சு வேண்டாம்.

வாண்டு


மே 28

அன்புள்ள வாண்டுக்கு,

முதலில் நல்ல செய்தி. போன வாரம் டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து நான் வேலை செய்வதைப் பார்த்தார். நாய் எதையோ விழுங்கிவிட்டது என்று ஒரு செய்தி வந்தது. சாட்பாட் அழகாக ஒரு பதில் எழுதிக் காட்டியது. நான் அதை அப்படியே விட்டுவிட்டுப் போனை எடுத்து, "எதுவும் குடுக்காதீங்க, உடனே தூக்கிட்டு வாங்க" என்றேன். டாக்டர் எழுந்தார். "மேசை உங்களோடதுதான்" என்றார். இந்த முறை என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

இனி உன் விஷயம். உன்னிடம் 'முடியாது' என்று சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. நீ பிறந்ததிலிருந்தே இல்லை. அதனால் சாட்பாட்டிடம், 'நீ என் தங்கையாக நடி, நான் வர மாட்டேன் என்று சொல்லிப் பழக வேண்டும்' என்றேன். பிறகு, 'நான் வர மாட்டேன்' என்று சொன்னேன். அது உடனே, 'உங்கள் முடிவை மதிக்கிறேன் அக்கா, உங்கள் மகிழ்ச்சிதான் முக்கியம்' என்றது. அடப்பாவி! இதுவா என் தங்கை? 'அவள் இப்படி விட மாட்டாள், அடம் பிடி' என்றேன். அவளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் என்று கேட்டது.

சொன்னேன். முன்கோபக்காரி. பிடித்தால் ஒரே பிடி. மகள் விடுதிக்குப் போய்விட்டாள். கணவர் பாதி மாதம் வெளியூர். மகள் கிளம்பிப் போன அதே வாரம்தான் முதல்முறையாக என்னை வந்துவிடச் சொன்னாள். அறையில் திரைச்சீலை மாற்றினாள். அதுவரை தட்டிவிட்டு, தட்டியதை நானே ஒருமுறை படித்தேன். நீ என்னைத் தனியாக இருக்கிறாய், தனியாக இருக்கிறாய் என்று சொன்னதெல்லாம் யாரைப் பற்றி என்று அப்போதுதான் புரிந்தது. உன் கடிதங்களை இத்தனை நாள் நான் என்னத்தைப் படித்தேன் என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது. நடித்தது போதும் என்று அதை மூடிவிட்டேன்.

ஆகவே நேராகவே சொல்கிறேன். நான் அங்கே குடிவர மாட்டேன். எனக்கு என் மேசை வேண்டும், என் வீட்டுச் சாவி வேண்டும். ஆனால் உன் டிக்கெட்டில் கட்டாயம் வருவேன். திரும்பி வர நானே டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒரு மாதம் விடுப்பு. இனி வருடா வருடம் வருவேன், நீ வேண்டாம் என்றாலும்.

ஒன்று மட்டும் எழுது. யாரும் இல்லாத சாயங்காலங்களில் நீ என்னடி செய்கிறாய்? அதைப் பற்றிச் சாட்பாட்டிடம் சொல்ல எனக்கு ஒரு வரிகூடத் தெரியவில்லை.

உன் அக்கா


ஜூன் 9

அக்கா,

திரும்பி வரும் டிக்கெட்டைப் பற்றிப் படித்ததும் கடிதத்தைக் கசக்கிப் போட்டேன். அப்புறம் எடுத்து நீவி வைத்துக்கொண்டேன்.

டி.வி.யைச் சத்தமாக வைப்பேன். மகளின் அறையில் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்து வைப்பேன். சமையலறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். டி.வி.யில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இதை அவரிடம்கூடச் சொன்னதில்லை.

சரி, வா. திரும்பியும் போ. வீட்டைக் காலி செய்யச் சொன்னதை மறந்துவிடு. உன் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வராதே, கையோடு கொண்டு வா. நீ எதையும் தொலைத்துவிடுவாய், இங்கே நான் பத்திரமாக வைத்திருந்து, கிளம்பும்போது உன் கையில் தருகிறேன்.

உன் வாண்டு