சூடாக இருந்த போத்தல்

2007 மார்ச் 13, செவ்வாய்

உக்குவளைச் சோதனைச் சாவடியில் என் பையைத் திறந்த சிப்பாய், தண்ணீர்ப் போத்தல் ஏன் சூடாக இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டான். எனக்கே தெரியவில்லை. அது எங்கள் ஓடைத் தண்ணீர். தோட்டத் தொழிலாளர் லயத்துக்குக் கீழே கீரை போடும் பதினொரு குடும்பமும் சேர்ந்து மாதாமாதம் பரிசோதனைக்கு அனுப்புவது. அந்த அறிக்கை இல்லாமல் கம்பனி கீரை வாங்காது. அவர்களில் ஒருவரான புஷ்பம் அக்கா பிடித்து, பேப்பரில் சுற்றித் தருவார். கொண்டுபோவது நான்.

திரும்பி வந்து அக்காவிடம் கேட்டேன்.

"இன்னைக்கு ஆறவைக்க நேரமில்ல தம்பி."

"காய்ச்சுனீங்களா?"

"பின்ன, பெரிய எடத்துக்குப் போற தண்ணிய பச்சையாவா குடுக்கிறது? மொதல்லருந்தே காய்ச்சித்தான் குடுக்கிறேன்."

ஒன்றரை வருடம். கிருமி இல்லை என்று வந்த ஒவ்வொரு தாளையும் கூட்டத்தில் வாசித்தவன் நான். அதைக் கேட்டுத்தான் லயத்தில் பாதிப் பேர் ஓடைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதையே விட்டார்கள். என் வீட்டிலும்தான்.

சின்னவளுக்கு மூன்று நாளாக வயிற்றோட்டம். தண்ணீரில் ஒன்றுமில்லை என்று, அறிக்கையைக் காட்டி, நேற்று டொக்டரிடம் நானே அடித்துச் சொன்னேன்.