கடை அட்டையில் வாங்கிய ஜாமெட்ரி பாக்ஸ்

7-8-1981, வெள்ளி இரவு.

இறால் வியாபாரி நடத்தும் மளிகைக் கடையில் எங்கள் கடன் அட்டையைக் காட்டி, வீட்டில் சொல்லாமல் ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கியிருந்தேன். வாராவாரம் வெள்ளிக்கிழமைக்குள் அட்டைப் பாக்கியைக் கட்டாவிட்டால், நைனா பிடிக்கும் இறாலெல்லாம் அந்த வியாபாரி சொல்லும் விலைக்கே போய்விடும் என்று இன்றுதான் தோழி சொன்னாள். பயந்துபோய் அம்மாவிடம் அழுதேன்.

அம்மா அடிக்கவில்லை. "இன்னாத்துக்குடி அழுவுற? பட்டுப் பொடவையா வாங்கிட்ட?" என்றாள். குழம்புக்கு வைத்திருந்த இறாலை விற்று, கடை மூடுமுன் பாக்கியைக் கட்டினாள். "இனிமே இவ அட்டையத் தூக்கினு வந்தா குடுக்காதண்ணே" என்று என் எதிரிலேயே சொன்னாள்.

சாப்பிடும்போது நைனா கேட்டார், "எறா கொழம்பு எங்க?"

"பூனை துன்னுட்டுச்சு" என்றாள் அம்மா.

என் பக்கம் திரும்பவேயில்லை. நான் ரசத்தை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.