பரண் விதையும் உன் வெந்நீர்க் கணக்கும்

வாழவந்தி நாடு
வெகுதானிய வருஷம், வைகாசி மாதம்

கண்ணு அர்த்தனாரிக்கு அய்யன் எழுதுவது. அறப்பளீசுவரர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், கோயமுத்தூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். நடமாடுகிறோம் என்றுதான் எழுதினேன், நிம்மதியாக இருக்கிறோம் என்று எழுதவில்லை. நீ அனுப்பிய கணக்குப்படி செய்து விதைத்தினை முழுக்கச் செத்துப்போயிற்று சாமி.

போன வருஷம் கதிரெல்லாம் கரிப்பூட்டை நோய் விழுந்ததற்கு, விதையை ஐம்பத்தைந்து டிகிரி வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டெடுத்தால் போதும், அதற்கு மேல் சூடு ஏறினால் விதை வெந்துவிடும் என்று எழுதினாய். சூடு பார்க்கிற கருவி நம்மிடம் ஏது என்று, கொதிநீர் இத்தனை வள்ளம், சுனைத் தண்ணீர் இத்தனை வள்ளம், விதை இத்தனை வள்ளம் என்று நீயே கணக்கும் போட்டாய். தானியத்துக்குத் தண்ணீரைவிடத் தன்வெப்பம் குறைவு, ஆனாலும் குளிர்ந்த விதை விழுந்தால் தண்ணீர்ச் சூடு இவ்வளவு இறங்கும் என்று விளக்கம் வேறு. மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்பதைக்கூட நீ விடவில்லை. எல்லாம் சரி, நம் ஊட்டில் விதை எங்கே இருக்கும் என்று யோசித்தாயா? அடுப்புக்கு மேலே பரணில்தானே புகை படக் கிடக்கிறது! உன் ஆத்தா அதே அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, நீ சொன்ன அளவுக்கே சுனைத் தண்ணீரும் கலந்து, வெதுவெதுவென்றிருந்த விதையை இறக்கி அப்படியே கொட்டினாள். அது எங்கே சூட்டை இறக்கும்? ஈரத்துணியில் முடிந்து பார்த்தோம், ஒன்றுகூட முளை விடவில்லை. நானும் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கும் தோன்றவில்லை. ஆனால் அந்தப் பரணுக்குக் கீழே வளர்ந்த உனக்கே மறந்துபோனால் யாரைப் போய் நோவது?

நம் பங்காளி கருப்பண்ணன் ஊட்டு வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். படித்த பிள்ளையின் கணக்கா என்று சிரித்துவிட்டு, தன் விதையில் பாதியை அளந்து கொடுத்தார். அவர் தினையிலும் அதே கரிப்பூட்டைதான். வந்தது வரட்டும், அப்படியே விதைத்துவிடலாம் என்றேன், உன் ஆத்தா கேட்கவில்லை. "எம்பையன் கணக்குத் தப்பாதுங்க, பரண் சூட்டையும் சேத்திப் போட்டான்னா சரியாயிருமுங்க" என்று ஒரே பிடியாக நிற்கிறாள். எனக்கு வருகிற ஆத்திரத்தில் உன்னைத் திட்டுவதா அவளைத் திட்டுவதா என்று தெரியவில்லை.

ராத்திரி அதிகம் கண் விழிக்காதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. கொல்லிப்பாவை உன்னைக் காப்பாற்றட்டும். மழை இறங்குவதற்குள் மறுகணக்கு எழுது, முடிந்தால் நீயே வந்துவிடு. இந்த விதையும் வெந்துபோனால் நான் போய் நிற்பதற்கு இன்னொரு வாசல் இல்லை கண்ணு.

ஆசீர்வாதத்துடன்
உன் அய்யன்
குழந்தைசாமி