தலையில் அடிபட்டவனிடம் கேட்கும் கேள்வி

கோச்,

இன்று காலை முழங்காலுக்கு வலித்தைலம் தேய்த்தேன். அந்த வாசனையோடு நீங்களும் அறைக்குள் வந்துவிட்டீர்கள்.

கல்லூரியில் நமக்கு ஒரே அறை. நான் கணித ஆசிரியன். நீங்கள், பந்தை நெஞ்சோடு அணைத்து மோதி ஓடும் அமெரிக்கக் கால்பந்தை உங்கள் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆடி முடித்து, அதைக் கற்பிக்க மொன்றியலுக்கு வந்தவர். நான் தொலைபேசியில் "ஓம்... ஓம்..." என்று கதைக்கும்போதெல்லாம் மரியாதையாகக் கதவைச் சாத்துவீர்கள். ஒருநாள் கேட்டீர்கள்: "வேலைநேரத்தில் இவ்வளவு தியானமா?" எங்கள் ஊரில் அது வெறும் 'ஆமாம்' என்று நான் சொன்னதும் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தீர்கள்.

பிறகு அந்த இறுதி ஆட்டம். தோற்றால் உங்கள் வேலை போகும் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. பாதியில் உங்கள் சிறந்த ஆட்டக்காரன், மன்னார்க் குடும்பத்துப் பிள்ளை, தலை மோத விழுந்து எழுந்தான். "சுகமா?" என்று நீங்கள் கேட்கவில்லை. "போன கிழமை யாரோடு ஆடினோம்?" என்றீர்கள். சிரித்துச் சமாளித்தபடி, பெயருக்காகத் தோழர்களைப் பார்த்தான். அவனுடைய தலைக்கவசத்தை வாங்கி வைத்துக்கொண்டீர்கள்.

மைதான ஓரத்தில் நின்ற என்னிடம் தகப்பன் படியிறங்கி ஓடிவந்தார்.

"என்ன மாஸ்டர், உவருக்கென்ன விசரே? பெடியன் நல்லாத்தானே நிக்கிறான்! நீங்களே கேளுங்கோ."

"தம்பி, சுகமா இருக்கிறியா?" என்றேன்.

"ஓம் சேர்."

"பாத்தியளே!"

உங்களுக்கு மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. "என் வாழ்க்கையின் மிகச் சிறந்த ஆட்டத்தின் பிற்பாதியை நான் பத்திரிகையில்தான் வாசித்தேன்," என்றீர்கள். "அன்று தலையில் அடிபட்ட பிறகு நானும் ஓம் என்றுதான் சொன்னேன்."

தோற்றோம். அடுத்த பருவத்தில் உங்கள் மேசை காலி. பியர்பொன்ட்ஸ் பூங்காவில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்கள். அதுவே போதும் என்றீர்கள். நான் முழுதாக நம்பவில்லை. உங்கள் இறுதிச்சடங்கில் அந்தத் தகப்பன் மகனுடைய தோளைப் பிடித்தபடி கடைசிவரை நின்றார்.

வகுப்பில் "விளங்கினதா?" என்றால் எல்லோரும் ஓம் போடுவார்கள்; கணக்கைக் கொடுத்தால்தான் உண்மை தெரியும். கரும்பலகையில் எனக்குத் தெரிந்திருந்த இதை மனிதர்களிடமும் கேட்டுப் பார்க்கக் கற்றுத்தந்தவர் நீங்கள். வில்லரேயில் தனியாக இருக்கும் அக்காவிடம் இப்போது சுகம் விசாரிப்பதில்லை. நேற்று, "காலமை என்ன சமைச்சனீங்கள்?" என்றேன். பதில் வரச் சுணங்கியது. உடனே மெட்ரோ எடுத்துப் போனேன். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. இருவருக்குமாக அரிசி களைந்து வைத்தேன்.